இடப்பக்கத்துத் தாளம்

போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். ஒலிப்பதிவுத் தொழிலுக்கு வந்து அதிக நாளாகாத பிள்ளை, நல்ல பிள்ளை. காப்பி குடித்துக்கொண்டே போனில் ஒரு பழைய இசையைப் போட்டார். "சார், இது நீங்க பதிவு பண்ணினதாமே? யாரோ பழைய கேசட்லேருந்து நெட்ல ஏத்தியிருக்காங்க. கேக்க நல்லா இருக்கு. ஆனா கடைசி பாட்டுல பாதிக்கு மேல வேகம் ஓடுது சார். நீங்க சரின்னா கம்ப்யூட்டர்ல போட்டு நேராக்கிக் கொடுத்துடறேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பிள்ளை காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவரிடம் சொல்லாத காரணத்தை உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். மைக்கை எங்கே வைப்பது, இரைச்சலை எப்படிக் குறைப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில், திருச்சி பாலக்கரையில் ஒரு மாடியில் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. தியேட்டர் என்றுதான் சொல்வோம். படம் ஓடும் என்று நினைத்துப் படியேறி வந்து ஏமாந்தவர்களும் உண்டு. சுவரெல்லாம் சாக்கு, தரையில் தேங்காய் நார் விரிப்பு, ஒரு மூலையில் கண்ணாடி வைத்த சின்ன அறை. அந்த அறையில் நானும் டேப் மெஷின்களும் போக இன்னும் ஒருவர் உட்காரலாம், அவர் ஒல்லியாக இருந்தால். கீழே ஒரு மாவு மில். மில் ஓடினால் எங்கள் மைக்கும் சேர்ந்து அரைக்கும். அதனால் மில்லுக்காரர் சாப்பிடப் போகிற நேரம்தான் எங்களுக்கு நல்ல நேரம். நான் வையம்பட்டியிலிருந்து வந்து, ரேடியோ ரிப்பேரில் தொடங்கி, மெட்ராசில் ஒரு பெரியவரிடம் கொஞ்ச காலம் வேலை பழகி, இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தவன். மாதா பாட்டு, ஐயப்பன் பாட்டு, நாடக வசனம், தேர்தல் பிரசாரம் எல்லாம் இதே அறையில்தான் பதிவாயின.

அங்கே ஒருநாள் செலின் டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசைக்கு ஆர்கன் வாசிப்பவர். சின்ன வயதில் பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்மணியிடம் பியானோ கற்றவர். அந்தம்மாள் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது தன் இசைத்தட்டுகளை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். அவற்றில் பாதிக்கு மேல் ஜாஸ். பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஆர்கனில் வேறு ஏதோ கேட்கும். பங்குச் சாமியாருக்கும் அது தெரியும். தெரியாதது போலவே இருந்துவிடுவார்.

ஜாஸ் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. கேட்டேன். "மெட்டு ஒரு வீடு மாதிரி தம்பி. வீட்ட விட்டுக் கிளம்பி நாலு தெரு சுத்திட்டு, பொழுது சாயறதுக்குள்ள திரும்ப வந்துடணும். எந்தத் தெருவுல சுத்துனோம்ங்கிறதுதான் வாசிப்பு" என்றார். இதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

டீச்சருக்கு ஒரு கேசட் போட வேண்டும் என்று ஆசை. வார்த்தை இல்லாத வெறும் இசை. துபாயிலிருந்து அவர் தம்பி வாங்கி வந்த புதுக் கீபோர்டு ஒன்று இருந்தது. காந்தி மார்க்கெட் பக்கத்துச் சந்தில் கேசட் மொத்த வியாபாரம் செய்த ஒருவர் வெளியிட ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. பாதிக்கு மேல் ஜனங்கள் கேட்டவுடன் தலையாட்டுகிற மாதிரி மெட்டாக இருக்க வேண்டும். டீச்சர் சரி என்றார்.

ஆகவே அந்தக் கேசட்டை ஒரே சீரான கேசட் என்று நான் சொல்லவே மாட்டேன். ஏ பக்கம் முழுக்கக் கடைக்காரருக்காகச் செய்தது. கீபோர்டில் விசில் மாதிரி ஒரு சத்தம் இருந்தது. அதை வைத்து ஒரு டிஸ்கோ மெட்டு இருக்கிறது; இப்போது கேட்டாலும் எனக்குக் கூச்சமாக இருக்கும். பி பக்கத்தில் மெதுவான ஒன்று உண்டு. முதல் பாதி அருமை, பிறகு முடிக்கத் தெரியாமல் நீளும். அட்டையில் எந்த ஊர் என்றே தெரியாத ஒரு கடற்கரையும் சூரியனும் போட்டார்கள். கேசட்டுக்குக் கடைக்காரர் வைத்த பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. டீச்சரே அதை வாயால் சொல்ல மாட்டார். பொங்கலுக்கு ஓரளவு விற்றது. ஓட்டல்களிலும் கல்யாண வரவேற்பிலும் ஏ பக்கத்தை ஓடவிட்டார்கள். வெயில் காலம் வருவதற்குள் எல்லாரும் மறந்தும் போனார்கள். ஆனால் பி பக்கத்தின் கடைசியில் "காவிரிப் பாலம்" என்று ஒன்று இருக்கிறது. டீச்சர் யாருக்காகவும் இல்லாமல் தனக்காகச் செய்தது அது ஒன்றுதான். அந்தப் பிள்ளை நேராக்கித் தருகிறேன் என்றதும் அதைத்தான்.

டிரம்ஸ் வாசித்தவர் சூசைராஜ். பகலில் லேத்துப் பட்டறையில் வேலை, சாயங்காலம் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ். வரகனேரியில் ஒரு சின்ன வாடகை வீடு. மனைவி பெயர் ஸ்டெல்லா. சூசை அதிகம் பேச மாட்டார். வாசிக்கும்போது மட்டும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஏ பக்கத்து மெட்டுகளுக்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, கடிகாரம் மாதிரி தட்டிக்கொண்டிருந்தால் போதும். அவர் நிஜமாகவே வாசித்தது காவிரிப் பாலத்தில்தான்.

அதை எடுத்த அன்று மில்லில் பெல்ட் அறுந்துவிட்டது. எங்களுக்கு அடித்தது யோகம். டீச்சரும் சூசையும், பேஸ் கிதார் வாசித்த ஒரு வங்கி ஊழியரும் உட்கார்ந்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசித்தார்கள். பாதிக்கு மேல் டீச்சர் மெட்டை விட்டுக் கிளம்பிப் போனார். அன்று அவர் சுற்றிய தெருக்களை நான் அதற்குப் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. ஆனால் டவுன் பஸ்ஸாகக் கிளம்பியது எக்ஸ்பிரஸாகத்தான் வந்து நின்றது. கடைசி சத்தம் அடங்கியதும் எல்லாருக்கும் அது புரிந்துவிட்டது.

சூசை குச்சிகளைக் கீழே வைத்தார். "நான் ஓடிட்டேன் டீச்சர். மன்னிச்சுக்கங்க."

"பரவால்ல சூசை. அடுத்த வாரம் இத மட்டும் திரும்ப எடுத்துக்கலாம்" என்றார் டீச்சர்.

இந்த இடத்தில் எங்கள் தியேட்டரின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பதிவு முடிந்ததும் கண்ணாடி அறைக்குள் வந்து திரும்பக் கேட்பவர் ஒருவர்தான், பாட்டுக்குச் சொந்தக்காரர். தாளம் வாசித்தவர்கள் கேட்பதில்லை. அந்த நேரத்தில் அவர்கள் வாத்தியத்துக்கு உறை மாட்டிக்கொண்டிருப்பார்கள். யாரும் சட்டம் போடவில்லை. அறை சின்னது, மில் எப்போது ஓடும் என்று தெரியாது, அப்படியே பழகிவிட்டது. எல்லாத் தியேட்டரிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அன்றும் டீச்சர் மட்டும்தான் உள்ளே வந்தார். எல்லாம் கலந்து ஒரே ஸ்பீக்கரில் கேட்டோம். ஓடுகிறது என்பது தெரிந்தது. தாளம் ஓடினால் ஓடியவர் தாளக்காரர்தான். அதில் எங்கள் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

படியிறங்கும்போது சூசை என்னைப் பார்த்து, "ரொம்ப மோசமாண்ணே?" என்று கேட்டார். "அடுத்த வாரம் பாத்துக்கலாம் சூசை" என்றேன். தலையை ஆட்டிவிட்டு டிரம்மைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அந்த வாரத்திலேயே துவாக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் குழுவுக்கு வாசிப்பு. முடிந்து திரும்பும்போது அவர் வந்த ஸ்கூட்டரில் லாரி மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அடக்கப் பூசையில் டீச்சர்தான் ஆர்கன் வாசித்தார். ஒரு தவறும் இல்லாமல் வாசித்தார். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சில வாரம் யாரும் கேசட்டைப் பற்றிப் பேசவில்லை. பிறகு கடைக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். பொங்கலுக்குள் கேசட் கடைக்கு வர வேண்டும் என்றால், பதிவான ரீல் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மெட்ராசுக்குப் போயாக வேண்டும். நானும் டீச்சரும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனோம். வெங்காய மூட்டை ஏற்றும் சத்தத்துக்கு நடுவில் அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். காவிரிப் பாலம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இது ஓடுது டீச்சர். கேசட் வாங்கினவன் என்ன நினைப்பான்? தன் டேப் ரெக்கார்டர்ல பெல்ட் போயிடுச்சுன்னு நினைப்பான். ரிப்பேர்க் கடைக்குப் போவான். அங்க மெஷின் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, நேரா என் கடைக்கு வந்து கேசட்ட மூஞ்சியில எறிவான்."

கடைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். "சூசை தங்கமான பையன். அடக்கத்துக்கு நானும்தான் வந்தேன். அவனுக்காகவும்தான் சொல்றேன். ஓடுற தாளத்துக்குக் கீழ அவன் பேரப் போட்டா, நாளைக்கு நாலு பேரு அவனத்தானே சொல்லுவாங்க? வேற ஆள வெச்சு எடுத்துருங்க. மத்த பாட்டுல அவன் பேரு இருக்கட்டும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் கஷ்டமாக இருந்தது. மற்ற பாட்டுகளில் வாசித்தது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். இதை எடுத்துவிட்டால் சூசை என்று ஒருவர் வாசித்தார் என்பதற்கே சாட்சி இருக்காது. வைத்தாலோ, தாளத்தில் ஓடியவர் என்ற பெயரோடு நிற்பார்.

ஸ்டெல்லாவைக் கேட்டு முடிவு செய்யலாம் என்றார் டீச்சர். வரகனேரிக்குப் போனோம். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, அந்த வீட்டில் மட்டும் கட்டவில்லை. அவர் வாசித்ததை எடுத்துவிடாதீர்கள் என்று ஸ்டெல்லா சொல்வார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். சொல்லியிருந்தால் அதையே சாக்காக வைத்துக் கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றிருப்போம்.

ஸ்டெல்லா அழவில்லை. "திரும்ப எடுத்துருங்க டீச்சர்" என்றார். "அதப் பத்தியேதான் பேசிக்கிட்டிருந்தாரு. ஓடிட்டேன், ஓடிட்டேன்னு. திரும்ப எடுக்கறதாத்தான இருந்துச்சு? அவருக்குப் புடிக்காத வாசிப்போட அவரு பேரு நிக்க வேணாம்."

இறந்தவரே சொல்லிவிட்டுப் போனதை யார் மறுப்பது? பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அங்கே டீச்சர், "வரதன் சாரைக் கேட்டுப் பாக்கறேன் தம்பி" என்றார்.

வரதன் ஸ்ரீரங்கத்து மிருதங்க வித்வான். வடக்குச் சித்திரை வீதியில் வீடு. கச்சேரிக்கும் பஜனைக்கும் வாசிப்பவர், ஆனால் புதிதாக எதைக் கேட்டாலும் காது கொடுப்பார். டிரம்ஸுக்குப் பதில் டிரம்ஸ் வைத்தால் சூசையின் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தது போல இருக்கும், அதைத் தன்னால் பார்த்துக்கொண்டு வாசிக்க முடியாது என்று டீச்சர் நினைத்தார். அதனால்தான் மிருதங்கம். வரதன் ஒத்திகையில் காவிரிப் பாலத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, என் மிருதங்கம் ஒரே ஸ்ருதிக்கு வாக்கப்பட்டது. நீங்க நடுவுல ஸ்ருதிய மாத்தினா நான் கல்லும் கையுமா தட்டிச் சேத்துண்டு உக்காந்திருக்கணும். அந்த இடத்துல வலந்தலையத் தொடாம, இடந்தலைய மட்டும் வெச்சுண்டு ஒப்பேத்திடறேன்" என்றார். ஒப்பேற்றுகிறேன் என்றாரே தவிர, ஒத்திகையில் அது அழகாகவே வந்தது.

பதிவு நாள் வந்தது. சாயங்கால ரயிலில் ரீல் மெட்ராசுக்குப் போக வேண்டும். மார்கழித் திருநாள் நடந்துகொண்டிருந்ததால், "பெருமாள் புறப்பாட்டுக்குள்ள என்னை அனுப்பிச்சுடுங்கோ" என்று வரதன் முதலிலேயே சொல்லியிருந்தார். மில்லுக்காரர் மதியம் நிறுத்துவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பேஸ் கிதார்க்காரருக்கு வங்கியில் விடுப்புக் கிடைக்கவில்லை, அவர் இல்லாமலே எடுப்பதாக இருந்தோம். அதுவரை நானும் டீச்சரும் வரதனும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

மெட்ராசில் எனக்கு வேலை பழக்கிய பெரியவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் திரும்ப எடுப்பதற்கு முன்னால், பழையதை ஒவ்வொரு பக்கமாகத் தனித்தனியே ஒருதடவை கேட்டுவிடுவார். கலந்து கேட்டால் பழி கேட்கும், பிரித்துக் கேட்டால்தான் வாசிப்பு கேட்கும் என்பார். எங்கள் மெஷின் டேப்பில் தனித்தனியாகப் பதிவது இரண்டே டிராக்தான். இடப்பக்கம் டிரம்ஸ், வலப்பக்கம் கீபோர்டும் பேஸ் கிதாரும். பொழுது போகாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இடப்பக்கத்தை மட்டும் ஓடவிட்டேன்.

டீச்சர் மெட்டை விட்டுக் கிளம்பும் இடம் வந்தது. டிரம்ஸ் மைக்கில் கீபோர்டு தூரத்தில் லேசாகக் கேட்கும். கீபோர்டு முன்னால் போக ஆரம்பித்தது. சூசை போகவில்லை. அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். அடி கொஞ்சம் அழுத்தமானது, கையைப் பிடித்து இழுப்பது மாதிரி. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அதற்கும் மேல் பிடித்துப் பார்த்தார். பிறகு பேஸ் கிதாரும் கீபோர்டோடு போய்விட்டது. தனியாக நிற்க முடியாமல் கடைசியில் அவரும் கூடப் போனார். வலப்பக்கத்தைத் தனியாகக் கேட்டேன். இரண்டையும் சேர்த்துக் கேட்டேன். சந்தேகமே இல்லை. ஓடியது சூசை இல்லை.

ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சர் கீபோர்டுக்கு முன்னால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிகளே, தொழிலில் உங்களுக்கு இப்படி ஒரு நேரம் வராமல் இருக்காது. சொல்லாமல் விடுவதற்கு என்னிடம் நல்ல காரணங்கள் நிறைய இருந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் மில் நிற்கும். அந்த இடைவெளியில் அவர் தன் பாட்டை வாசித்தாக வேண்டும். இதைச் சொன்னால் அவர் விரல் எழும்புமா? கடைக்காரரும் மனைவியும், ஏன், இறந்தவருமே திரும்ப எடுக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பிரிந்திருக்கும் இந்த ரீல் தியேட்டருடையது. மறுநாள் காலையில் ஒரு நாடகக் குழு அதன்மேல் தன் வசனத்தைப் பதியப்போகிறது. பிறகு இது யாருக்கும் தெரியவே தெரியாது. சொல்வதற்கு இருந்தது ஒரே ஒரு காரணம்தான். வரகனேரியில் ஒரு பெண், தன் கணவர் கடைசியாக வாசித்ததைத் தப்பாக வாசித்துவிட்டுப் போனார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்து டீச்சரைக் கூப்பிட்டேன். நீங்கள்தான் ஓடினீர்கள் என்று ஒருவரைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காது இருப்பவரிடம் அதைச் சொல்லவும் வேண்டியதில்லை. "டீச்சர், முதல்ல இடப்பக்கம் மட்டும் கேளுங்க" என்று ஹெட்போனைக் கொடுத்தேன்.

கேட்டார். வலப்பக்கத்தைப் போடச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் போடச் சொன்னார். அதற்குப் பிறகு ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"சூசை ஓடல."

"இல்ல டீச்சர்."

"என்னைப் புடிச்சுப் புடிச்சு இழுத்திருக்கான். நான் திரும்பிக்கூடப் பாக்கல." முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அந்தச் சின்ன அறையில் நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னவோ ஏதோ என்று வரதன் எட்டிப் பார்த்தார். அவருக்கும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். சூசை விட்டுக்கொடுத்துச் சேர்ந்துகொள்ளும் இடத்தில் அவர் விரல் நின்றுவிட்டது.

"இதுக்கு மேல நான் என்னத்த வாசிக்கறது?" என்றார். "மேடையில பிரதானமா இருக்கறவா ஓடினா, பக்கவாத்தியம் கொஞ்சம் இழுத்துப் பாக்கும். வரலேன்னா கூடவே போயிடணும். சபைக்குக் காட்டிக் கொடுக்கப்படாது. அதான் தர்மம். இந்தப் பிள்ளை அதத்தான் பண்ணியிருக்கார். வாசிச்சு முடிச்சு, நான்தான் ஓடினேன்னு பழியையும் தன்மேல போட்டுண்டிருக்கார். அவர் வாசிச்சத அழிச்சுட்டு என்னை அங்க உக்காத்தி வெக்காதீங்கோ."

கீழே மில் நின்றது. நாங்கள் காத்திருந்த அமைதி அதுதான். யாரும் வாத்தியத்திடம் போகவில்லை.

டீச்சர் எழுந்து கீழே போய், மில்லுக்காரரின் போனிலிருந்து கடைக்காரரைக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன். "அண்ணாச்சி, காவிரிப் பாலம் அப்படியேதான் வரும். ஓடினது நான். சூசை இல்ல. யாராவது கேசட்டத் திருப்பிக் கொண்டுவந்தா, வாசிச்ச பொம்பளைக்குத் தாளம் நிக்கலன்னு சொல்லி என் வீட்டுக்கு அனுப்புங்க." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டது. டீச்சர் அசையவில்லை. கடைசியில் கடைக்காரரே இறங்கி வந்தார். பி பக்கத்தின் கடைசியில் போட்டுக்கொள்ளுங்கள், அதுவரைக்கும் யாரும் கேட்கப்போவதில்லை என்றாராம்.

டீச்சர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாளைக்கு இந்த ரீல் அழிஞ்சுடுமில்ல? அதுக்குள்ள ஸ்டெல்லா இதப் பிரிச்சுக் கேக்கணும். மெட்ராசுக்குப் போறதுல எல்லாம் கலந்துதான் இருக்கும்." ஸ்டெல்லாவை அழைத்துவர ஆட்டோ பிடித்து அவரே போனார். நான் அதற்குள் எல்லாவற்றையும் கலந்து ரயிலுக்குக் கொடுக்க வேண்டிய ரீலை முடித்தேன். வரதன் புறப்பாட்டுக்கு நேரமாகியும் போகாமல் மிருதங்கத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஸ்டெல்லா வெள்ளைப் புடவையில் வந்தார். தியேட்டருக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. சூசை உட்கார்ந்த இடம் எது என்று கேட்டார். காட்டினேன். கண்ணாடி அறைக்குள் என் ஸ்டூலில் உட்காரவைத்தேன். டீச்சர் கதவோரம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு நான் ஹெட்போனை மாட்டிவிட்டு, இடப்பக்கத்தை மட்டும் ஸ்பீக்கரிலும் லேசாகக் கேட்கும்படி ஓடவிட்டேன். தான் எங்கே ஓடினார், சூசை எங்கே பிடித்தார், எங்கே விட்டார் என்று அந்தந்த இடம் வரும்போது டீச்சர் கையைக் காட்டினார். ஸ்டெல்லாவுக்கு இசை தெரியாது. ஆனால் அந்த அழுத்தமான அடி வந்தபோது அவர் தோள் நிமிர்ந்ததைப் பார்த்தேன். புருஷன் வேலை செய்யும் விதத்தை அடையாளம் தெரியாமலா போகும்?

"பெரிய மனசும்மா உங்காத்துக்காரருக்கு" என்றார் வரதன். "தெரிஞ்சுண்டே பழிய ஏத்துண்டிருக்கார்."

ஸ்டெல்லா ஹெட்போனைக் கழற்றினார். "இல்லீங்க சாமி. அவருக்குத் தெரியாது."

வரதன் என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன்.

"நெசமாவே தான்தான் ஓடினதா நினைச்சாரு. சோத்துத் தட்டுல விரலால தட்டித் தட்டிப் பாப்பாரு. எந்த எடத்துல விட்டேன்னு தெரியலயேம்பாரு. இத்தன வருசம் வாசிச்சும் எனக்குத் தாளம் நிக்கலியே ஸ்டெல்லா, செட்ட வித்துரலாமான்னு கேட்டாரு. அந்தக் காலேஜுக்குக் கூட மனசில்லாமத்தான் போனாரு."

அவர் மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். கண்ணாடி வழியாகச் சூசை உட்கார்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு திரும்பி, யாரையும் குறை சொல்கிற குரலில் இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறவர் போல என்னிடம் கேட்டார்.

"அன்னிக்கே இத அவருக்குப் போட்டுக் காட்டலியாண்ணே?"